நிலப்படத்தில் ஒரு வெள்ளைக் கோடு

நுழையும்முன்

நாளை மழை வருமா, வெயில் எவ்வளவு இருக்கும் என்பதை இன்று கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்கிறோம். அங்கே தோன்றும் எண் நம் ஊருக்கு உரியதுதானா, அடுத்த ஊருக்கு உரியதா, அல்லது கடலுக்கு உரியதா என்பதை ஒரு சிறு கணக்கு முடிவு செய்கிறது. அக்கணக்கில் பிழை எவ்வாறு நுழைகிறது, அதனை எவ்வாறு தடுப்பது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

உலக நிலப்படத்தின்மேல் ஒரு நாளின் வெப்பநிலையை வண்ணங்களாகத் தீட்டிக் காட்டும் நிரல் ஒன்றை எழுதி முடித்து, ஒருவர் அதனை முதன்முதலாக இயக்கிப் பார்க்கிறார் என்று கொள்வோம். குளிர்ந்த பகுதிகள் நீலமாகவும் பாலைநிலங்கள் செந்நிறமாகவும் திரையில் விரிகின்றன. எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றுகிறது. ஆனால் வடமுனை தொடங்கித் தென்முனை வரை மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று படத்தைக் கிழித்துக்கொண்டு இறங்குகிறது. இங்கிலாந்தின் கிரீன்விச்சை ஒட்டித் தெற்கே வந்து, பிரான்சையும் ஸ்பெயினையும் கடந்து, அல்ஜீரியப் பாலைவனத்தின் வழியே சென்று, கானா நாட்டின் தேமா துறைமுகத்தருகே அது கடலில் இறங்குகிறது. இலண்டனின் வெப்பநிலை என்ன என்று நிரலைக் கேட்டால் ‘தரவு இல்லை’ என்கிறது. கானாவின் தலைநகரான அக்ராவைப் பற்றிக் கேட்டாலும் அதே விடைதான்.

அளவீட்டுக் கருவிகள் பழுதாகிவிட்டனவா? செயற்கைக்கோள் அந்தப் பகுதியை மட்டும் பார்க்கத் தவறிவிட்டதா? இரண்டும் இல்லை. கோப்பில் இருக்கவேண்டிய எண்கள் அனைத்தும் குறைவின்றி இருக்கின்றன. கோப்பின் தலைப்பகுதியில் மூன்று தசம இடங்களுக்குச் சுருக்கி எழுதப்பட்டிருந்த எண்களை நிரல் அப்படியே நம்பிவிட்டது. வெள்ளைக் கோட்டுக்குக் காரணம் அவ்வளவே.

கட்டவலையும் அதன் முகவரியும்

வானிலையைக் கணிக்கும் கணினி, பூமியின் ஒவ்வோர் அங்குலத்தையும் கணக்கில் கொள்வதில்லை. அட்சக்கோடுகளும் தீர்க்கக்கோடுகளும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் வலை ஒன்றைப் பூமியின்மேல் விரிப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, அக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளில் மட்டும் வெப்பம், காற்று, ஈரப்பதம் முதலியவற்றைக் கணக்கிடுகிறது. இவ்வலையைக் கட்டவலை என்றும், அப்புள்ளிகளைக் கட்டப்புள்ளிகள் என்றும் அழைப்போம். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சம், தீர்க்கம் என்னும் இரண்டு ஆயத்தொலைவுகள் உண்டு. அவையே அப்புள்ளியின் முகவரி.

இந்திய வானிலை ஆய்வுத் துறை வெளியிடும் மழைத்தரவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1901ஆம் ஆண்டு முதலான நாள்மழை அளவுகளைக் கொண்ட அத்தரவின் கட்டவலை, தீர்க்கம் 66.5 பாகை முதல் 100 பாகை வரையிலும், அட்சம் 6.5 பாகை முதல் 38.5 பாகை வரையிலும் கால் பாகை இடைவெளியில் அமைந்தது. குறுக்கே 135 புள்ளிகள், நெடுக்கே 129 புள்ளிகள்; ஆக 17,415 புள்ளிகள். இத்தனை புள்ளிகளின் முகவரிகளையும் கோப்பில் தனித்தனியே எழுதவேண்டிய தேவை இல்லை. தொடக்கம், முடிவு, எண்ணிக்கை, இடைவெளி ஆகிய நான்கும் தெரிந்தால் எந்தப் புள்ளியின் முகவரியையும் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

உலக வானிலை அமைப்பு 1985ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட ‘கிரிப்’ என்னும் கோப்பு வடிவமும் இம்முறையையே பின்பற்றுகிறது. நாடுகள் தம்முள் வானிலைத் தரவைப் பரிமாறிக்கொள்வதற்கென உருவானது இவ்வடிவம். இதன் முதற்பதிப்பில் ஆயத்தொலைவுகள் பாகையின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் அலகில் முழு எண்களாகவே எழுதப்படும். 80.15625 பாகை என்பது 80156 என்று பதிவாகும். எஞ்சிய தசம இலக்கங்கள் முழுமையாக்கலில் மறைந்துவிடும்.

இம்முடிவைக் குறை கூற இடமில்லை. தகவல்தொடர்பு மெதுவாக நடந்த காலத்தில் ஒவ்வோர் இலக்கத்தையும் சிக்கனமாகச் செலவிட வேண்டியிருந்தது. மேலும், மூன்றாம் தசம இடத்திற்கு முழுமையாக்குவதால் நேரும் பிழை மிகுதியாகப் போனால் பாகையில் 0.0005. தரையில் அது ஏறத்தாழ 55 மீட்டர். முப்பது கிலோமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்திருக்கும் கட்டவலையில் 55 மீட்டர் ஒரு பொருட்டே அன்று. சுருக்கி எழுதிய எண்ணைப் பெருக்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

தென்னங்கன்று நடுபவரின் கோல்

ஆயிரம் அடி நீளமுள்ள வாய்க்கால் கரையில் 25 அடிக்கு ஒன்றாகத் தென்னங்கன்று நடவேண்டும். மொத்தம் 41 கன்றுகள். அவற்றுக்கிடையே 40 இடைவெளிகள். நடுபவரின் அளவுகோல் ஓர் அங்குலம் குட்டையாக இருந்தால் இரண்டாம் கன்றைப் பார்த்து எவரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் கோலைப் புரட்டிப் புரட்டி வைத்துக்கொண்டே போனால், கடைசிக் கன்று கரையின் முனைக்கு 3 அடி 4 அங்குலம் முன்னதாகவே நின்றுவிடும். பழகிய உழவர் இப்படிச் செய்வதில்லை. கரையின் இரு முனைகளிலும் முளையடித்துக் கயிற்றைக் கட்டி, அதனை நாற்பதாகப் பகுத்துக்கொள்வார். முனைகள் இரண்டும் உறுதியானவை. நாற்பது என்னும் எண்ணிக்கையும் உறுதியானது. கோல் மட்டுமே ஐயத்திற்குரியது.

கட்டவலையிலும் இதுவே நிகழ்கிறது. பூமியைச் சுற்றி ஒரு வரிசைக்கு 1280 புள்ளிகள் கொண்ட கட்டவலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 360ஐ 1280ஆல் வகுத்தால் இடைவெளி 0.28125 பாகை, நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 31 கிலோமீட்டர். முதற்புள்ளி 0 பாகையில் தொடங்கினால் கடைசிப் புள்ளி 359.71875 பாகையில் இருக்கும். கோப்பிலோ இடைவெளி 0.281 என்றும், கடைசிப் புள்ளி 359.719 என்றும் பதிவாகியிருக்கும். இடைவெளியை நம்பிய நிரல், 0.281ஐ 1279ஆல் பெருக்கிக் கடைசிப் புள்ளியை 359.399 பாகையில் வைக்கிறது. பிழை 0.32 பாகை, நிலநடுக்கோட்டில் 35 கிலோமீட்டருக்கும் மேல். முழுமையாக்கியதால் ஓர் இடைவெளியில் நேர்ந்த குறை 28 மீட்டர்தான். அது 1279 முறை பெருகியதால், முகவரி ஒரு முழுக் கட்டத்திற்கும் அப்பால் நகர்ந்துவிட்டது.

நகர்வு கிழக்கே செல்லச் செல்லக் கூடுவதால், தொடக்கத்தில் அது கண்ணில் படாது. நம் சென்னையையே பார்ப்போம். சென்னையின் தீர்க்கம் ஏறத்தாழ 80.27 பாகை. அதனை உண்மையான இடைவெளியாகிய 0.28125ஆல் வகுத்தால் 285.4 கிடைக்கும். எனவே, சுழியிலிருந்து எண்ணத் தொடங்கினால் 285ஆம் புள்ளியே சென்னைக்கு அண்மையது. அதன் தீர்க்கம் 80.15625, நகருக்கு மேற்கே, நிலத்தின்மேல் அமைந்த புள்ளி. சுருக்கப்பட்ட 0.281ஆல் வகுத்தாலோ 285.66 கிடைக்கிறது. நிரல் அதனை 286 என்று எடுத்துக்கொள்கிறது. அந்த 286ஆம் புள்ளியின் உண்மையான தீர்க்கம் 80.4375. அது கரையைத் தாண்டி வங்கக்கடலில் இருக்கிறது!

கோடை நண்பகலில் நிலம் விரைந்து சூடாகும். கடல் அவ்வாறு சூடாகாது. ஆகவே, கடற்புள்ளியின் வெப்பநிலையைச் சென்னையின் வெப்பநிலை என்று காட்டும் நிரல், நகரம் தகிக்கும் நாளில் இதமான எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும். வெயிலில் வேலை செய்வோருக்கு எச்சரிக்கை தரவேண்டிய இடத்தில் அந்த எண் அமர்ந்தால் என்னவாகும் என்பதை நாமே எண்ணிப் பார்க்கலாம். நிரல் நின்றுபோகாது, பிழைச்செய்தி எதுவும் காட்டாது. வருவது நம்பத்தகுந்த ஓர் எண்ணாகவே இருக்கும். வெள்ளைக் கோடாவது தன்னைத்தானே காட்டிக்கொடுத்தது.

வானிலைக் கணக்கில் முழுமையாக்கல் என்றவுடன் பலருக்கு எட்வர்டு லோரன்ஸ் நினைவுக்கு வரக்கூடும். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1961ஆம் ஆண்டில் அவர் தம் கணினியில் ஒரு கணக்கை இடையிலிருந்து மீண்டும் தொடங்க விரும்பி, அச்சிட்ட தாளில் இருந்த 0.506 என்னும் எண்ணை உள்ளிட்டார். கணினியின் நினைவகத்தில் இருந்ததோ 0.506127. ஒரு கோப்பை காப்பி அருந்திவிட்டுத் திரும்பியபோது, புதிய கணக்கு பழைய கணக்கிலிருந்து முற்றிலும் விலகிப்போயிருந்தது. அவ்விலகலுக்குக் காரணம் வளிமண்டலத்தின் இயல்பு. சிறு வேறுபாட்டையும் அது வளர்த்துவிடும். நாம் பேசும் பிழை அவ்வகையினது அன்று. இது வெறும் பெருக்கல் கணக்கில் வளர்வது. லோரன்ஸ் கண்ட பிழையை எவராலும் முற்றாக நீக்க இயலாது. இதனை நீக்க இயலும்.

வெள்ளைக் கோடு வந்த வழி

தொடக்கத்தில் கண்ட வெள்ளைக் கோட்டுக்கு இப்போது திரும்புவோம். அந்தக் கட்டவலையில் ஒரு வரிசைக்கு 640 புள்ளிகள். இடைவெளி 0.5625 பாகை, கடைசிப் புள்ளி 359.4375 பாகை. அதற்கு அடுத்த புள்ளி 360 பாகை. அதாவது, தொடங்கிய இடமாகிய 0 பாகையே. வலை பூமியை முழுமையாகச் சுற்றி மூடிக்கொள்கிறது என்பதை நிரல் அறிந்தால்தான் கடைசிப் புள்ளிக்கும் முதற்புள்ளிக்கும் இடைப்பட்ட பகுதியில் வண்ணம் தீட்டும். அதை அறிய அது ஓர் எளிய சோதனையைச் செய்கிறது: கடைசிப் புள்ளியையும் இடைவெளியையும் கூட்டினால் 360 வருகிறதா?

கோப்பில் இரண்டு எண்களும் மேல்நோக்கி முழுமையாக்கப்பட்டுள்ளன. 359.438, 0.563 ஆகியவற்றைக் கூட்டினால் 360.001. இது 360 அன்று. ஆகவே, ‘இவ்வலை உலகைச் சுற்றி மூடவில்லை’ என்று நிரல் தீர்ப்பளித்து, அரைப் பாகைக்குச் சற்று மிகுந்த ஒரு பட்டையைத் தீட்டாமல் விட்டுவிடுகிறது. இலண்டனும் அக்ராவும் சுழிப் பாகைக் கோட்டுக்குச் சற்று மேற்கே அமைந்தவை. எனவே, அவை அப்பட்டைக்குள் விழுந்துவிட்டன. இந்நிரலை எழுதியவரைக் கவனமற்றவர் என்று சொல்லிவிட முடியாது. அவர் சோதித்துத்தான் பார்த்தார். சோதனைதான் அளவுக்கு மீறிக் கறாராக இருந்தது.

தெரியுமா?

‘முக்காலே மூன்று வீசம்’ என்னும் வழக்கு, ‘ஏறத்தாழ முழுவதும்’ என்ற பொருளில் இன்றும் பேச்சில் உள்ளது. வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. முக்காலுடன் மூன்று வீசம் சேர்ந்தால் பதினாறில் பதினைந்து; தசமத்தில் 0.9375. மூன்று தசம இடங்களில் இதனைப் பிழையின்றி எழுத முடியாது. மேலே கண்ட 0.5625 பாகை, தமிழ்ப் பின்னக் கணக்கில் அரையும் ஒரு வீசமும். 0.28125 பாகையோ காலும் அரைவீசமும். தசமத்தில் இலக்கங்கள் நீளும் இவ்விரு அளவுகளையும் பாதி, பாதியின் பாதி என்று பகுத்துச்செல்லும் பின்ன முறையில் ஓரிரு சொற்களில் எச்சமின்றிச் சொல்லிவிடலாம்.

கணினியால் எழுத இயலாத பத்தில் ஒன்று

மூன்று தசம இடம் என்னும் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? தீராது. கணினி தன் எண்களை இருநிலை முறையில் எழுதுகிறது. அரை, கால், அரைக்கால், வீசம் என இரண்டால் வகுத்துக்கொண்டே போகும் பின்னங்களையும் அவற்றின் கூட்டல்களையும் மட்டுமே அம்முறையில் பிழையின்றி எழுத முடியும். பத்தில் ஒன்று அவ்வகைப் பின்னம் அன்று. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போவதுபோல், பத்தில் ஒன்றை எழுதப் புகும் கணினிக்கும் இலக்கங்கள் முடிவில்லாமல் வரும். எங்கோ ஓரிடத்தில் அது நிறுத்தியாக வேண்டும்.

எங்கே நிறுத்துவது என்பது அவ்வெண்ணுக்கு ஒதுக்கிய இடத்தைப் பொறுத்தது. 32 பிட் இடம் கொடுத்தால் 12.1 என்னும் அட்சம் 12.10000038 என்றவாறு பதிவாகும். 64 பிட் இடம் கொடுத்தால் 12.1க்கு இன்னும் மிக நெருங்கிய வேறோர் எண்ணாகப் பதிவாகும். மனிதக் கண்ணுக்கு இரண்டும் 12.1தான். இரண்டும் ஒன்றா என்று கணினியைக் கேட்டால், இல்லை என்றே சொல்லும்.

பத்தில் ஒரு பாகை இடைவெளி கொண்ட இரு கோப்புகள் இருக்கின்றன என்று கொள்வோம். ஒன்றில் மழை, மற்றொன்றில் மண்ணின் ஈரம். ஒன்று ஆயத்தொலைவுகளை 32 பிட்டிலும் மற்றொன்று 64 பிட்டிலும் வைத்திருக்கிறது. முகவரி ஒத்த புள்ளிகளை மட்டும் இணைத்துத் தருமாறு நிரலைப் பணிக்கிறோம். 12.0, 12.5, 13.0 போன்று முழு எண்ணிலும் அரையிலும் முடியும் முகவரிகள் மட்டுமே இரு கோப்புகளிலும் துல்லியமாக ஒத்திருக்கும். அட்சத்தில் ஐந்தில் ஒன்று, தீர்க்கத்தில் ஐந்தில் ஒன்று. ஆக, இருபத்தைந்து புள்ளிகளில் ஒன்றே மிஞ்சும். அதிலிருந்து சராசரி கணக்கிடப்படும்; வரைபடம் வரையப்படும்; அறிக்கையும் அச்சேறும். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு தரவு உதிர்ந்துபோனதை அவ்வறிக்கையைப் படிப்போர் அறியமாட்டார்கள். கால் பாகை இடைவெளியில் அமைந்த தரவுக்கு இத்தொல்லை இல்லை. காலை இருநிலை எண்ணாக எழுதுவதில் எச்சம் விழுவதில்லை.

கயிற்றைக் கட்டும் முறை

தென்னங்கன்று நட்டவரின் கயிற்று முறையே இங்கும் தீர்வு. கோப்பில் எழுதியுள்ள இடைவெளியை எடுத்துக்கொள்ளாமல், கடைசிப் புள்ளியிலிருந்து முதற்புள்ளியைக் கழித்து, இடைவெளிகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 359.719ஐ 1279ஆல் வகுத்தால் 0.2812502. முனைகளும் முழுமையாக்கப்பட்டவையே, ஆயினும் அப்பிழை இங்கே பெருகுவதில்லை, பகுக்கப்படுகிறது. எந்தப் புள்ளியிலும் அது 28 மீட்டரைத் தாண்டாது. வலை பூமியை முழுதாகச் சுற்றுகிறது என்பது உறுதியாகிவிட்டால் இதனினும் நேரான வழி உண்டு: 360ஐ 1280ஆல் வகுத்துக்கொண்டால் பிழையே இல்லை. புள்ளிகளின் எண்ணிக்கை முழு எண் ஆதலால் முழுமையாக்கலில் அது சிதைவதில்லை. தலைப்பகுதியில் உள்ள எண்களுள் முதலில் நம்பத்தக்கது அதுவே.

ஒவ்வொரு புள்ளியின் முகவரியையும் முந்தைய புள்ளியுடன் இடைவெளியைக் கூட்டிக் கூட்டிப் பெறாமல், முதற்புள்ளியிலிருந்து பெருக்கிப் பெறுவது நல்லது. இரு புள்ளிகள் ஒன்றா எனக் கேட்க நேர்ந்தால், தசம எண்களை ஒப்பிடாமல் வரிசை எண்களை ஒப்பிட வேண்டும். 285, 286 என்னும் எண்களுக்கு இடையே ஐயத்திற்கு இடமில்லை.

தசம எண்களையே ஒப்பிடவேண்டிய இடங்களும் உண்டு. வெள்ளைக் கோட்டுக்குக் காரணமான சோதனை அத்தகையது. அங்கே ‘சமமா?’ என்று கேட்காமல், ‘வேறுபாடு இந்த அளவுக்குள் அடங்குகிறதா?’ என்று கேட்க வேண்டும். இவ்வளவைப் பொறுதி என்பர். எவ்வளவு பொறுதி கொடுப்பது என்பதில்தான் நிரல் எழுதுவோரின் பட்டறிவு வெளிப்படும். முழுமையாக்கலால் வரக்கூடிய பிழையைவிட அது சற்றே பெரிதாக இருக்கவேண்டும். கட்ட இடைவெளியின் பாதியைவிட மிகச் சிறிதாகவும் இருக்கவேண்டும். தாராளமாகக் கொடுத்துவிட்டால் வேறொரு தீங்கு விளையும். சில தரவுகளில் ஆயத்தொலைவு கட்டத்தின் நடுப்புள்ளியைக் குறிக்கும். சிலவற்றில் மூலையைக் குறிக்கும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள அரைக்கட்ட வேறுபாடு முழுமையாக்கலால் வந்ததன்று, பொருளோடு கூடியது. பெரிய பொறுதி கொண்ட நிரல் அதையும் பிழையென எண்ணிப் பொறுத்துக்கொண்டு, இரு வேறு இடங்களை ஒன்றாக்கிவிடும்.

காசியன் கட்டவலை எனப்படும் வகையில் அட்சக்கோடுகளின் இடைவெளி சீரானதன்று. அங்கே கயிற்று முறையை அட்சத்திற்குப் பயன்படுத்த இயலாது. கோடுகளின் எண்ணிக்கையைக் கொண்டு அவற்றின் இடங்களைத் தனியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். தீர்க்கத்திற்கு இதுவரை கூறியவை அங்கும் பொருந்தும்.

ஆறு இலக்கங்கள்

கிரிப் வடிவத்தின் இரண்டாம் பதிப்பில் ஆயத்தொலைவுகள் பாகையின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு வரை எழுதப்படுகின்றன. மூன்று தசம இடங்கள் ஆறாகிவிட்டன. 0.5625, 0.28125 ஆகிய இரண்டும் இப்போது முழுமையாக அடங்கிவிடும். பழைய வெள்ளைக் கோடும் மறைந்துவிடும்.

ஆனால் கட்டவலைகளும் நுண்மையாகிக்கொண்டே வருகின்றன. ஒரு வரிசைக்கு 5120 புள்ளிகள் வைத்தால் இடைவெளி 0.0703125 பாகை. தசம இடங்கள் ஏழு. எழுத இடம் இருப்பதோ ஆறு. இடைவெளி 0.070313 என்றும், கடைசிப் புள்ளி 359.929688 என்றும் மேல்நோக்கி முழுமையாக்கப்பட்டால், கூட்டுத்தொகை 360.000001. சமமா என்று மட்டும் கேட்கும் நிரலில் வெள்ளைக் கோடு மீண்டும் தோன்றும். இம்முறை அது நிலநடுக்கோட்டில் எட்டுக் கிலோமீட்டர் அகலம்கூட இருக்காது. இலண்டனின் நடுப்பகுதியும் அக்ராவும் தப்பித்துவிடும். கிரீன்விச் வானாய்வகமோ இன்றைய அளவீட்டின்படி சுழிப் பாகைக்கு நூறு மீட்டர் அளவு மேற்கே இருப்பதால் அக்கோட்டுக்குள்ளேயே நிற்கும். தீர்க்கக்கோடுகளை எங்கிருந்து எண்ணத் தொடங்கினார்களோ, அந்த இடத்திற்கே அந்நிரல் ‘தரவு இல்லை’ என்று விடை சொல்லும்.